காணாத பொருள் பிறந்த கதை



இரவு வானத்தை அண்ணாந்து பார்த்து வியக்காதவர் யார்? எங்கள் விம்கோ நகரில் அந்த வியப்புக்கும் சற்றுத் தட்டுப்பாடுதான். ஆலை விளக்குகளும், துறைமுகத்துக்கு விரையும் லாரிகளின் விளக்குகளும், காற்றில் கலந்த புகையும் சேர்ந்து விண்மீன்கள் பலவற்றை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. விளக்குகளை அணைத்தால் அவை மீண்டும் தெரியக்கூடும். ஆனால் எந்த விளக்கை அணைத்தாலும், எத்தனை பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் தெரியாத பொருள் ஒன்று பேரண்டமெங்கும் பரவியிருக்கிறது என்றும், நாம் அறிந்த பொருளைப்போல் அது ஐந்து மடங்குக்கும் மேல் உள்ளது என்றும் விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் கரும்பொருள். பெயர்தான் அப்படியே தவிர, அதற்குக் கறுப்பு நிறம்கூடக் கிடையாது. அது ஒளியைத் தருவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. தூய கண்ணாடியினூடே செல்வதுபோல ஒளி அதனூடே சென்றுவிடுகிறது.

இந்தப் பொருள் எப்போது, எவ்வாறு பிறந்தது? இதற்கு முடிவான விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் விடையாக இருக்கக்கூடிய சில வழிகளை விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றை நாம் அன்றாடம் காணும் காட்சிகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காணாததை எடைபோட்டது எப்படி?

"கண்ணுக்கே தெரியாது என்கிறீர்கள், பிறகு உண்டென்று எப்படித் தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் கப்பல் நீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், அது சரக்கு ஏற்றியதா, வெறுங்கப்பலா என்று சொல்லிவிடலாம். விஞ்ஞானிகள் செய்ததும் இதுவே.

1933-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்னும் சுவிஸ் நாட்டு விஞ்ஞானி, கோமா என்ற விண்மீன் மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள மண்டலங்கள் மிக வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்திருந்தால் அவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எடை ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார் ஸ்விக்கி. அவர் சொல்லை அன்று பலர் பொருட்படுத்தவில்லை.

அதற்கு வலுச் சேர்த்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் வேரா ரூபின். அமெரிக்காவின் பாலோமர் வானாய்வுக்கூடத்தில் பெண்களுக்கு ஆய்வு நேரம் ஒதுக்குவதில்லை என்ற வழக்கம் இருந்த காலம் அது. 1965-இல் அந்தக் கதவு அவருக்குத் திறந்தது. 1970-இல் அவரும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தை அளந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். சூரியனுக்குத் தொலைவிலுள்ள கோள்கள் மெதுவாகச் சுற்றுவதுபோல, மண்டலத்தின் விளிம்பில் உள்ளவையும் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆனால் அங்கு வேகம் குறையவே இல்லை! மண்டலத்தைச் சுற்றிலும் காணாத எடை நிறைந்திருந்தால் மட்டுமே இது இயலும்.

2009 முதல் 2013 வரை விண்ணில் பணிபுரிந்த பிளாங்க் என்ற செயற்கைக்கோள் இதற்குத் துல்லியமான கணக்குத் தந்தது. பேரண்டத்தில் உள்ள அனைத்தையும் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மண், கடல், சூரியன், விண்மீன், நாம் எல்லாரும் சேர்ந்து ஏறத்தாழ 5 ரூபாய்தான். கரும்பொருள் 27 ரூபாய். மீதி 68 ரூபாய் கரும்சக்தி எனப்படும் வேறொரு புதிர். கற்றதைக் கைப்பிடி மண்ணுக்கு ஒப்பிட்ட ஔவைப் பிராட்டியின் கணக்கு எவ்வளவு சரி, பார்த்தீர்களா?

குருவானவர் கண்ட தொடக்கம்

கரும்பொருளின் பிறப்பை அறியப் பேரண்டத்தின் பிறப்புக்கே போக வேண்டும். அங்கு நமக்கு வழிகாட்டுபவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அருட்தந்தை ஜார்ஜ் லெமேத்ர் 1923-இல் குருப்பட்டம் பெற்றவர். லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பேரண்டம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927-இல் எழுதினார். விரிவதைப் பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரு காலத்தில் மிக நெருங்கி இருந்திருக்க வேண்டும் என்றும், எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றும் 1931-இல் கூறினார். இன்று பெருவெடிப்பு என்று நாம் படிக்கும் கொள்கைக்கு வித்து அதுவே. 1951-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இப்புதிய விஞ்ஞானத்தைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது, லெமேத்ர் அதை விரும்பவில்லை. தமது கொள்கை விஞ்ஞானக் கணக்கு. அதை விசுவாசத்தின் சான்றாகவோ மறுப்பாகவோ எடுத்துக்கொள்ளலாகாது என்பதே அவர் கருத்து. இரண்டையும் நேசித்ததனால்தான் இரண்டையும் குழப்பாமல் காத்தார் போலும்!

பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். அது பிறந்து 3,80,000 ஆண்டுகள் ஆனபோது வெளிப்பட்ட ஒளி இன்றும் வானமெங்கும் மெல்லிய நுண்ணலைகளாக நிறைந்திருக்கிறது. 1965-இல் இதைக் கண்டுபிடித்த செய்தி, நோயுற்றிருந்த லெமேத்ருக்கு அவர் இறப்பதற்குச் சற்று முன் எட்டியது. அந்தப் பழைய ஒளியிலேயே கரும்பொருளின் ஈர்ப்பு பதித்த தடங்கள் இருக்கின்றன. ஆகவே கரும்பொருள் அதற்கும் முன்பே பிறந்துவிட்டது என்பது உறுதி.

முற்றத்தில் ஒரு விளையாட்டு

தோழியரே, நம் பள்ளி முற்றத்தில் ஒரு விளையாட்டு நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள். இருநூறு பெண்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் ஓடுகிறார்கள். இருவர் மோதிக்கொண்டால் இருவரும் வெளியேற வேண்டும். ஆனால் வாசலில் நிற்கும் ஆசிரியை, வெளியேறியவர்களுக்கு ஈடாகப் புதிதாக இருவரை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஆகவே முற்றத்தில் கூட்டம் குறைவதில்லை.

பிறந்த புதிதில் பேரண்டம் இந்த நிலையில்தான் இருந்தது. துகளும் அதன் எதிர்த்துகளும் மோதினால் இரண்டும் அழிந்து ஆற்றலாகும். ஆற்றலிலிருந்து மீண்டும் துகளும் எதிர்த்துகளும் பிறக்கும். ஐன்ஸ்டீன் காட்டியபடி பொருளும் ஆற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை அல்லவா? அளவற்ற வெப்பம் இருந்ததனால் பிறப்பும் அழிவும் சமமாக நடந்தன.

பேரண்டம் விரிய விரியக் குளிர்ந்தது. எடைமிக்க துகளைப் பிறப்பிக்க வேண்டிய வெப்பம் இல்லாமற் போயிற்று. அதாவது, ஆசிரியை வாசலைச் சாத்திவிட்டார். இனி வெளியேறுவோர் மட்டுமே. உள்ளே வருவோர் இல்லை. கூட்டம் மளமளவென்று கரைகிறது. இப்படியே போனால் ஒருவர்கூட மிஞ்சமாட்டார் என்று தோன்றும்.

ஆனால் அந்த நேரத்தில் ஓர் அதிசயம்! முற்றத்தின் சுவர்கள் விலகி, முற்றம் மெரினாக் கடற்கரை அளவுக்கு விரிந்துவிடுகிறது. எஞ்சிய சிலர் எவ்வளவு ஓடினாலும் ஒருவரையொருவர் சந்திக்க வழியில்லை. மோதல் நின்றது, எண்ணிக்கையும் உறைந்தது. அப்படி எஞ்சி நின்றவையே கரும்பொருளாக இருக்கலாம் என்பதுதான் விஞ்ஞானிகள் பலராலும் ஆராயப்பட்ட முதல் வழி. இதனை உறைந்து நிற்றல் என்று அழைக்கிறார்கள்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கைகளை அகல விரித்துக்கொண்டு ஓடுபவர்கள் எளிதில் மோதி வெளியேறுவார்கள். கடைசியில் சிலரே மிஞ்சுவர். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு அடக்கமாக நடப்பவர்கள் எளிதில் மோதமாட்டார்கள், பலர் மிஞ்சுவர். எனவே எவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்தால், அந்தத் துகள் மற்றவற்றோடு எவ்வளவு குறைவாக உறவாடும் என்றும் கணக்கிட்டுவிடலாம்.

தங்கச் சுரங்கமும் நியூட்ரினோவும்

இப்படி எஞ்சியதாக நாம் கணக்கிட்டு அறிந்த துகள் ஒன்று உண்டு. அதுதான் நியூட்ரினோ. இப்பெயரைக் கேட்டதும் நம் பெற்றோருக்குத் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரமும், அங்கு எழுந்த எதிர்ப்பும் நினைவுக்கு வரும். ஆனால் இந்தியாவின் நியூட்ரினோக் கதை அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

கோலார் தங்க வயல் நமக்கு அந்நியமான ஊர் அன்று. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்துத் தோண்டிய சுரங்கங்கள் அவை. அங்கு இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து கருவிகளை அமைத்தார்கள். விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோவோ எதற்கும் நிற்காமல் வந்து சேரும். காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயத்தை 1965-இல் அவர்கள் கண்டார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அவை காணப்பட்டன. உலகில் அதற்குமுன் எவரும் அவற்றைக் கண்டதில்லை. 2001-இல் கோலார் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அந்தப் புகழ் மூடப்படவில்லை.

நியூட்ரினோ மிகவும் கூச்சமுள்ள துகள். சூரியனிலிருந்து வருபவை மட்டுமே நம் கட்டைவிரல் நகத்தின் வழியே ஒவ்வொரு விநாடியும் ஆறாயிரம் கோடிக்கும் மேல் பாய்ந்து செல்கின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. பேரண்டம் பிறந்து ஏறத்தாழ ஒரு விநாடியில் நியூட்ரினோக்கள் மற்றத் துகள்களை விட்டுப் பிரிந்தன. அவை எடை மிகக் குறைந்தவை. ஆதலால் வாசல் சாத்தப்படும் முன்னரே முற்றம் விரிந்துவிட்டது, பெருங்கூட்டமாகவே எஞ்சிவிட்டன. சர்க்கரைக் கட்டி ஒன்று அடங்கும் இடத்தில்கூட இன்று அந்தப் பழைய நியூட்ரினோக்கள் முந்நூறுக்கும் மேல் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

ஒரு மூட்டையின் எடையும் அதிலுள்ள மணிகளின் எண்ணிக்கையும் தெரிந்தால் ஒரு மணியின் எடையைச் சொல்லலாம் அல்லவா? பேரண்டம் என்னும் மூட்டைக்கு இக்கணக்கை 1966-இல் சோவியத் நாட்டின் கெர்ஷ்டெயினும் செல்டோவிச்சும் போட்டார்கள். டாட்டா நிலையத்தில் ஆராய்ச்சி பயின்ற ராமநாத் கௌசிக், ஜே. மெக்லெலண்ட் என்பவரோடு சேர்ந்து, 1972-இல் நியூட்ரினோவின் எடைக்கு இன்னும் நெருக்கமான வரம்பைக் கணக்கிட்டார். 1973-இல் இருவரும் ஒரு படி மேலே சென்றார்கள். நியூட்ரினோவுக்குச் சிறிதளவு எடை இருந்தாலும், எஞ்சிய அந்தப் பெருங்கூட்டமே ஸ்விக்கி தேடிய காணாத எடையாக இருக்கலாம் என்றார்கள். பெருவெடிப்பில் எஞ்சிய துகளே கரும்பொருள் என்ற எண்ணத்துக்கு வழிகோலியவர்களுள் ஓர் இந்தியரும் இருந்தார்! கௌசிக் பிற்காலத்தில், நம் கொடைக்கானல், காவலூர் வானாய்வுக்கூடங்களை நடத்தும் இந்திய வானியற்பியல் நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

ஆனால் நியூட்ரினோ அந்தப் பதவிக்குத் தகுதி பெறவில்லை. அதன் எடை போதாது. வேகமோ மிக அதிகம். காற்றில் பறக்கும் மணலைக் கொண்டு கடற்கரையில் வீடு கட்ட முடியுமா? ஈரமணலாய் ஓரிடத்தில் தங்க வேண்டும். விண்மீன் மண்டலங்களைக் கட்டவும் மெதுவாக நகரும் கரும்பொருளே தேவை. 1980-களில் கணிப்பொறியில் செய்த கணக்குகள் இதைத் தெளிவாக்கின. துகள் மாறியது, ஆனால் எஞ்சியதை எண்ணும் முறை நிலைத்தது.

விம்கோவும் விம்ப்பும்

அடுத்து வந்த வேட்பாளரின் பெயர் விம்ப். தீப்பெட்டி ஆலையால் பெயர் பெற்ற விம்கோ நகர்வாசிகளான எங்களுக்கு இப்பெயரைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. இரண்டுக்கும் உறவு ஏதுமில்லை. மற்றவற்றோடு மிகக் குறைவாக உறவாடும் எடைமிக்க துகள் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே விம்ப். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் சோப்ளாங்கி என்றும் பொருளாம்!

1977-இல் லீ, வைன்பர்க் முதலியோர் எடைமிக்க துகள்களுக்கு முற்றத்து விளையாட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். புரோட்டானைப்போல் நூறு மடங்கு எடையுள்ள ஒரு துகள், விநாடியில் கோடியில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதற்குள் உறைந்து நின்றுவிடும். அது நியூட்ரினோவைப்போலக் கூச்சமுள்ளதாக இருந்தால், இன்று நாம் காணும் கரும்பொருளின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சரியாக எஞ்சும்! இப்பொருத்தத்தைக் கண்டு வியந்த விஞ்ஞானிகள் இதற்கு "விம்ப் அற்புதம்" என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் ஓர் அற்புதத்தை ஏற்குமுன் திருச்சபையும் சாட்சி கேட்கிறது; விஞ்ஞானமும் சாட்சி கேட்கிறது. சாட்சி இன்னும் வரவில்லை.

வேறு வழிகள்

இரண்டாவது வழி, சிறிது சிறிதாகச் சேர்தல். 2010-இல் வெளியான ஒரு கட்டுரை இதை விரிவாக விளக்கியது. நெடுஞ்சாலையோர வீட்டில் ஜன்னல் விளிம்பைப் பாருங்கள். ஒரு விநாடியில் விழும் தூசி கண்ணுக்கே தெரியாது. ஆனால் விழுந்தது எழுந்து போவதில்லை. வார இறுதியில் விரலால் பெயர் எழுதலாம். அதுபோல, விம்ப்பைவிடப் பன்மடங்கு கூச்சமுள்ள துகள் ஒன்று, தொடக்க வெப்பத்தில் எப்போதோ ஒன்றிரண்டாகப் பிறந்து, அழியாமல் சேர்ந்திருக்கலாம். முற்றத்து விளையாட்டில் கூச்சம் மிகுந்தால் எஞ்சுவது அதிகம். இங்கோ கூச்சம் மிகுந்தால் சேர்வது குறைவு. இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

மூன்றாவது வழி ஊஞ்சல். 1978-இல் வைன்பர்க், வில்செக் ஆகிய இருவரும் ஆக்சியான் என்ற துகள் இருக்கலாம் என்றார்கள். இது அமெரிக்காவில் விற்ற ஒரு சலவைத்தூளின் பெயர்! அணுக்கருவின் கணக்கிலிருந்த ஓர் அழுக்கைப் போக்குவதால் வில்செக் அப்பெயரைச் சூட்டினார். ஊஞ்சலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்திருப்பதாக எண்ணுங்கள். தொடக்கத்தில் பேரண்டத்தின் விரைந்த விரிவே பிடித்திருந்த கை. விரிவு தணிந்ததும் கை விட்டது. ஊஞ்சல் ஆடத் தொடங்கியது. பேரண்டமெங்கும் நிகழும் அந்த ஆட்டமே ஆக்சியான்களின் கூட்டம் என்று 1983-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் கணக்கிட்டன. இது வெப்பத்தில் பிறவாதது. ஆகவே எடை மிகக் குறைந்திருந்தும் வேகமின்றித் தங்கும்.

தொடக்கத்திலேயே அடர்ந்த இடங்கள் ஒடுங்கிச் சிறு கருந்துளைகள் ஆகியிருக்கலாம் என்று 1971-இல் ஸ்டீபன் ஹாக்கிங் கூறியதும் ஒரு வழியாகும். அது உண்மையானால் புதுத்துகளே தேவையில்லை.

தேடும் பணி

இவற்றுள் எது மெய்? கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் மீண்டும் சுரங்கத்துக்கே இறங்குகிறார்கள். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், திரவமாக்கிய செனான் வாயு நிரம்பிய பெரிய தொட்டி காத்திருக்கிறது. ஒரு விம்ப் வந்து மோதினால் சிறு ஒளிப்பொறி எழும். 2022-இலும் 2024-இலும் வெளியான முடிவுகளில் விம்ப் அகப்படவில்லை. நம் நாட்டில் ஜார்க்கண்ட் மாநிலத்து ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017-இல் ஓர் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும் திரவத் துளிகளை அங்கு வைக்கிறார்கள். கரும்பொருள் துகள் ஒன்று தட்டினால் துளி குமிழியாக வெடிக்கும் என்பது திட்டம்.

"ஒன்றும் கிடைக்கவில்லையே, இது வீண்தானே?" என்று எண்ணலாகாது. வலையை வீசி வெறும் வலையாக இழுத்த மீனவர், அந்த இடத்தில் மீன் இல்லை என்று அறிந்துகொள்கிறார். விஞ்ஞானிகளும் அவ்வாறே ஒவ்வோர் இடமாக நீக்கி வருகிறார்கள். "தெரியாது" என்று துணிந்து சொல்வதும், சொன்னபின் தேடுவதை விடாதிருப்பதும் அவர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம்.

மீந்தவை வீணல்ல

கரும்பொருள் இல்லாவிட்டால் நமக்கு என்ன குறை? தொடக்கத்தில் சாதாரணப் பொருள் ஒன்றுகூட முயன்றபோதெல்லாம் ஒளியின் வெள்ளம் அதைத் தள்ளிக் கலைத்தது. ஒளியோடு உறவில்லாத கரும்பொருளோ அமைதியாக முன்கூட்டியே திரண்டது. பின்னர் அது தோண்டி வைத்த பள்ளங்களில்தான் சாதாரணப் பொருள் விழுந்து விண்மீன்களாயிற்று. அது இல்லையேல் நம் பால்வீதியோ, சூரியனோ, பூமியோ உரிய காலத்தில் உருவாகியிருக்க முடியாது. நாமும் எஞ்சியவர்களே! பொருளும் எதிர்ப்பொருளும் மோதி அழிந்தபோது, ஏறத்தாழ நூறு கோடிக்கு ஒன்று என்ற கணக்கில் மிஞ்சிய துகள்களே நம் உடலாகவும் உலகமாகவும் இருக்கின்றன.

ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்தபின் மீந்த துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்று நற்செய்தியில் படிக்கிறோம். பேரண்டத்தின் முதல் விருந்தில் மீந்த துண்டுகளை இன்று விஞ்ஞானிகள் கூடையோடு தேடி வருகிறார்கள். அந்தக் கூடைகளில் ஒன்றை நாளை ஏந்தப்போவது வட சென்னைப் பெண் ஒருத்தியாக ஏன் இருக்கக்கூடாது? வேரா ரூபினுக்குத் திறந்த கதவு நமக்கும் திறந்தே இருக்கிறது. கணக்கையும் பௌதிகத்தையும் கண்டு அஞ்சாமல் கற்போம், தோழியரே!